பதினைந்து மணி பதின்மூன்று நிமிடம்

மூன்று வருடம் நான் பார்த்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வருகிறது. பெங்களூர் அல்சூரில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் அலுவலகம். இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் ஆகும் என்று கைபேசியில் தேடினால் முதலில் வந்து நிற்கும் பக்கங்கள் உண்டல்லவா? அவற்றைத் தயாரிப்பதுதான் எங்கள் தொழில். எட்டு மொழிகளில் தயாரித்தோம். தமிழுக்கு நான்.

தயாரித்தோம் என்பதே பெரிய வார்த்தை. இரண்டு ஊர்களின் பெயரைக் கணினியில் கொடுத்தால், பூமி உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்த மாதிரி நேர்த்தூரத்தை அது சொல்லிவிடும். அதை விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் பயண நேரம் வந்துவிடும். அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே நேராகப் போகும் விமானம் உண்டா, எங்கே இறங்கி எத்தனை மணி நேரம் காத்துக்கிடக்க வேண்டும் என்பதெல்லாம் கணினிக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஆனால் எழுத மாட்டோம். நாங்கள் ஜோடி சேர்த்த ஊர்களில் பாதிக்கு மேல் நேரடி விமானமே கிடையாது.

ஒரு எண்ணை மட்டும் போட்டால் பக்கம் நிரம்பாது. ஆகவே அதே எண்ணை ஆறு விதமாகச் சொல்வோம். "இரு நகரங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று யோசிக்கிறீர்களா?" என்று ஒரு பத்தி. "பலரும் கேட்கும் கேள்வி இது" என்று அடுத்த பத்தி. பத்திக்குப் பத்தி விளம்பரம். தொப்பை கரைக்கும் பொடி, காதிலிருந்து மஞ்சளாக எதையோ இழுத்தெடுக்கும் குச்சி, பூஞ்சை பிடித்துக் கறுத்த கால்நகம். மதியம் டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தில் கை வைக்கும்போது எதிரே திரையில் அந்த நகம் பெரிதாகத் தெரியும். முதல் மாதம் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனேன். இரண்டாவது மாதம் முதல் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். எனக்கு என் மேல் ஏற்பட்ட முதல் அருவருப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண். தமிழில் எம்.ஏ. எங்கள் மேலாளர் கோயம்புத்தூர்க்காரர், என் வயதுதான் இருக்கும். கோபப்படவே மாட்டார். சேர்ந்த புதிதில், "சார், இதுல பாதி ஊருக்கு டைரக்ட் பிளைட் இல்லையே" என்று கேட்டேன். "மக்களுக்கு ஒரு நம்பர் வேணுங்க. நாம குடுக்கறோம். அவ்வளவுதான்" என்றார். நான் தலையாட்டினேன்.

இதோடு நின்றிருந்தால் வெறும் கூலிக்குச் செய்த வேலை என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரு வருடம் போனதும், படித்த படிப்பு கையில் அரிக்க ஆரம்பித்தது. பக்கத்தின் முடிவில் சொந்தமாக ஒரு வரி சேர்க்கத் தொடங்கினேன். பெங்களூரிலிருந்து கனடாவில் உள்ள ஹாலிஃபாக்ஸுக்கு நான் எழுதிய பக்கத்தில் அந்த வரி இப்படி இருந்தது: "ஒரு நல்ல தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு. கண் திறந்தால் ஹாலிஃபாக்ஸ்!" எழுதி முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து அதை இரண்டு தடவை படித்தேன். எனக்குப் பிடித்திருந்தது.

அப்போது நான் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார ஆன்ட்டி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் கல்யாணமாகி ஹாலிஃபாக்ஸில் இருந்தாள். ஆன்ட்டி சுத்தம் என்றால் சுத்தம். வாசல் மிதியடியைத் தினம் உதறுவார். சர்ச்சுக்குப் போகும்போது புடவை மடிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. பவுடரும் லேவண்டரும் கலந்த வாசனை அவர் போன பிறகும் மாடிப்படியில் நிற்கும்.

மகளுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கியது. அம்மா வந்து ஆறு மாதம் இருக்க வேண்டும் என்று டிக்கெட்டை அனுப்பிவிட்டாள். ஆன்ட்டி அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, டிக்கெட் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார்.

"கண்ணு, ஸ்வல்ப, கொஞ்சம் இதைப் பாரேன். செவ்வாக்கிழமை விடிகாலை மூணு மணிக்குக் கெளம்புதுன்னு போட்டிருக்கு. அதே செவ்வாக்கிழமை ராத்திரி பத்தரைக்குப் போய்ச் சேருதுன்னும் போட்டிருக்கு. அங்க மணி வேற, இங்க மணி வேற. நடுவுல ரெண்டு எடத்துல எறங்கணுமாம். மொத்தம் எத்தினி மணி நேரம் ஆகும், கணக்குப் போட்டுச் சொல்லு."

தாளை வாங்கி உட்கார்ந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. அன்றைக்குக் காலையிலிருந்து நான் அறுபது பக்கம் முடித்திருந்தேன். எத்தனை மணி நேரம் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டதுமே எனக்குள் எரிச்சல் பொங்கியது. அவர் மீது அல்ல, கேள்வி மீது. தாளை நான் தொடவே இல்லை. கைபேசியை எடுத்துத் தேடினேன். முதலில் என் பக்கம் வந்தது. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம், பதினைந்து மணி பதின்மூன்று நிமிடம்.

அது என்ன எண் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் அதை அப்படியே அவர் வாட்ஸாப்புக்கு அனுப்பிவிட்டு, "இதுல எல்லாம் இருக்கு ஆன்ட்டி" என்று படியேறினேன்.

கீழே அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பது கேட்டது. "தமிழ்லயே போட்டிருக்கான்மா!" என்று சந்தோஷமாகக் கூப்பிட்டுச் சொன்னார். "கண் திறந்தால் ஹாலிஃபாக்ஸாம். எவ்ளோ அழகா எழுதியிருக்கான் பாரு." அவன் அல்ல, நான் என்று சொல்ல வாய் வரை வந்தது. வெட்கமா பெருமையா தெரியவில்லை, சிரித்துக்கொண்டே அறைக்குள் போய்விட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவருடைய அக்கா மகன் வந்து விமான நிலையத்துக்கு அழைத்துப்போனார். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தேன் என்று வியாழக்கிழமை எனக்கு ஒரு செய்தி வந்தது. பேத்தி பிறந்த படம் வந்தது. நான் பூச்செண்டுப் படம் அனுப்பினேன்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இளைத்திருந்தார். அந்த வார ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து என்னைக் கீழே கூப்பிட்டார். கனடாவிலிருந்து கொண்டுவந்த, இலை வடிவத்தில் ஒரு இனிப்பு பிஸ்கட் தட்டில் வைத்து, காபி கொடுத்தார். "அடுத்த வருஷமும் போவீங்களா ஆன்ட்டி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"செத்தாலும் போமாட்டேன்" என்றார்.

பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னார். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போயிருந்தது. இருமினால், எழுந்தால், கொஞ்ச நேரம் போனால் கசிந்துவிடும். எந்நேரமும் பேட் வைத்துக்கொண்டுதான் இருப்பார். மகளுக்குக்கூடத் தெரியாது. அந்தப் பவுடரும் லேவண்டரும் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"மூணு மணி நேரத்துக்கு ஒண்ணு. பதினஞ்சு மணி நேரத்துக்கு அஞ்சு. எதுக்கும் இருக்கட்டும்னு ஒண்ணு சேத்து, ஆறு பேட் கைப்பையில வெச்சிக்கிட்டேன். ஏர்போர்ட்ல பையத் தொறந்து பாப்பாங்களாமே, நெறைய வெச்சிருந்தா அசிங்கமா இருக்குமேன்னு மீதி எல்லாத்தையும் பெட்டியில போட்டுட்டேன். தண்ணி குடிக்கறதையும் நிறுத்திட்டேன்."

முதல் விமானம் இறங்கியபோதே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வந்துவிட்டோம் போல என்று எழுந்தாராம். அது ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊர். அங்கே நான்கைந்து மணி நேரம். இன்னும் எவ்வளவு என்று பக்கத்தில் இருந்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம் கேட்டிருக்கிறார். டொராண்டோவுக்கு எட்டரை மணி நேரம், அதற்கு மேல் ஹாலிஃபாக்ஸுக்கு வேறு விமானம் என்றாளாம். இரண்டாவது விமானம் ஏறும்போது கையில் மிச்சம் ஒன்றே ஒன்று.

"அது முடிஞ்சதும் டாய்லெட்ல இருந்த டிஷ்யூ பேப்பர உருட்டி வெச்சேன். அது எத்தினி நேரம் தாங்கும்? சுடிதார் நனைஞ்சு, சீட்டு நனைஞ்சு… பக்கத்துல இருந்த ஆளு மொதல்ல மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பினான். அப்புறம் கர்ச்சீப்ப எடுத்து மூக்குல வெச்சான். அப்புறம் எந்திரிச்சுப் போய் அந்த ஏர் ஹோஸ்டஸ் பொண்ணுகிட்ட ஏதோ சொன்னான். அவனுக்கு வேற எடம் குடுத்தாங்க. எனக்குக் கீழ போட ஒரு பிளாஸ்டிக் ஷீட் குடுத்தாங்க. அந்தப் பொண்ணு நல்லவ. ஆனா அவளும் வாயால மூச்சு விட்டுக்கிட்டுத்தான் குனிஞ்சா. நான் பாத்தேன்."

டொராண்டோவில் பெட்டி கைக்கு வந்திருக்கிறது. மகள் முன்பே சொல்லி வைத்திருந்த சக்கர நாற்காலியைத் தள்ள வந்தவர் ஒரு பஞ்சாபிக்காரர், ஆன்ட்டியின் மகள் வயது. அவரே பெட்டியை எடுத்து ஹாலிஃபாக்ஸ் விமானத்துக்கான பெல்ட்டில் போட்டார்.

"பெட்டியத் தொறக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ஆம்பள முன்னாடி எதுக்குத் தொறக்கறேன்னு எப்பிடிம்மா சொல்றது? வாயே வரல. பெட்டி போயிடுச்சு. அப்புறம் பனி கொட்டுது, பிளேன் போகாதுன்னுட்டாங்க. மறுநாள் காலையிலதான். நாற்காலியிலயே உக்காந்திருந்தேன். கடை இருந்திருக்கும். கேக்கல. எந்திரிச்சா தெரிஞ்சிடுமேன்னு எந்திரிக்கவே இல்ல. தொடையெல்லாம் வெந்து போச்சு."

மொத்தம் முப்பத்தொன்பதரை மணி நேரம். பனி இல்லாவிட்டாலும் இருபத்தொன்பது.

"போய் எறங்கினதும் மக ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக்கிட்டா. அதுலயே எல்லாம் மறந்துடுச்சு" என்று முடித்தார். பிறகு, "யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அந்தப் பேஜ்ல சரியாத்தான் போட்டிருப்பான். எனக்குத்தான் தமிழ்ல போட்டிருந்தும் புரிஞ்சுக்கத் தெரியல" என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தட்டில் இருந்த பிஸ்கட்டை எடுத்துத் தின்றேன். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். மாடிக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவ்வளவையும் வாந்தி எடுத்தேன்.

மறுநாள் மேலாளரிடம் போனேன். ஹாலிஃபாக்ஸ் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்றேன்.

"அந்தப் பேஜ் டாப்ல இருக்குங்க. கை வெச்சா கீழ போயிடும்."

"அது பொய் சார்."

"பொய் இல்லீங்க, கணக்கு. பிளேன் நேரா போனா அவ்ளோ நேரம்தான் ஆகும்."

"நேரா போற பிளேனே இல்லையே."

"இருக்குன்னு நாம எங்கயாவது சொல்லியிருக்கோமா?"

ஆன்ட்டியின் கதையைப் பெயர் சொல்லாமல் சொன்னேன். முழுதும் பொறுமையாகக் கேட்டார். சிறுநீர் என்ற சொல் வந்தபோது மட்டும் முகத்தைச் சுளித்து, மேசை மேலிருந்த தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். "பாவம்தான். ஆனா அந்தக் கண் தொறந்தா ஹாலிஃபாக்ஸ்ங்கற லைன் நீங்க போட்டதுங்க. நான் போடச் சொல்லல" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அதனாலேயே அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. இடத்துக்கு வந்து, யாரையும் கேட்காமல், அந்த வரியை எடுத்துவிட்டேன். "நேரடி விமானம் கிடையாது. இரண்டு இடங்களில் மாற வேண்டும். குறைந்தது இருபத்தொன்பது மணி நேரம்" என்று முதல் வரியாகவே எழுதினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது பழையபடி பதினைந்து மணி பதின்மூன்று நிமிடம். என் திருத்தம் காணாமல் போயிருந்தது. பக்கத்தின் முடிவில் என் வரி மறுபடி உட்கார்ந்திருந்தது. சந்தேகப்பட்டு வேறு பக்கங்களைத் திறந்தேன். "கண் திறந்தால் லிமா!" "கண் திறந்தால் ஆக்லாந்து!" நான் எழுதாத பக்கங்களிலும் இருந்தது. அந்த வரி பிடித்துப்போய் அதை எல்லாவற்றுக்கும் பொது அச்சாக்கியிருக்கிறார்கள். பக்கத்து மேசையில் கன்னடப் பக்கங்களைச் செய்த பெண், "உன் லைனத்தான் நாங்களும் கன்னடத்துல மாத்திப் போட்டோம், சூப்பரா ஓடுது" என்று சிரித்தாள். கரப்பான்பூச்சி முட்டையிட்டுவிட்டுப் போன மாதிரி, நான் ஆசையாக எழுதியது ஒவ்வொரு மூலையிலும் பொரிந்து ஊர்ந்துகொண்டிருந்தது.

அன்றைக்கே வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. இன்னும் நான்கு மாதம் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்தேன். மாடிப்படியில் ஆன்ட்டியைப் பார்த்தால் கைபேசியில் பேசுகிற மாதிரி நடித்துக்கொண்டு போனேன். அவருடைய லேவண்டர் வாசனை வந்தாலே மூச்சைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். அந்த வாசனை செய்த குற்றம் என்ன?

டிசம்பரில் ஒருநாள் அவரே கூப்பிட்டு உட்கார வைத்தார். ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். "ஏம்மா, என்கிட்ட பேசமாட்டேங்கற? நான் அன்னிக்கு அந்தக் கதையச் சொன்னதுலேர்ந்து பாக்கறேன். அருவருப்பா இருக்கா என்னப் பாத்தா?"

இதைவிட மோசமான ஒன்றை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"ஐயோ, இல்ல ஆன்ட்டி. அந்தப் பேஜ எழுதினது நான்தான்."

அவர் கை நின்றது. நான் முழுவதையும் சொன்னேன். வகுத்தல் கணக்கை, நேரடி விமானம் இல்லாததை, தெரிந்தே அனுப்பியதை.

"கண் தொறந்தா ஹாலிஃபாக்ஸ்ங்கறது?"

"அதுவும் நான்தான்."

"அத நான் பிளேன்ல ஏறினப்போ மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்மா. பயத்துக்கு" என்றார். எழுந்து, பிதுக்கிய பருப்பையும் தோலையும் பிரிக்காமல் ஒன்றாக வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் வேலையை விட்டேன். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டைக் காலி செய் என்றும் சொல்லவில்லை. வழியில் பார்த்தால் தலையசைப்பார், கண்ணு என்று மட்டும் கூப்பிடுவதில்லை. ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தினம் போக வர நாலு மணி நேரம் பஸ்ஸில் போனது. யார் கேட்டாலும் நாலு மணி நேரம் என்றே சொன்னேன்.

அந்தக் கோடையில் ஆன்ட்டியின் மகள் இரண்டு குழந்தைகளோடு வந்தாள். வந்த மூன்றாம் நாள் மாடிக்கு ஏறி வந்து என் கதவைத் தட்டினாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. திட்டட்டும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா சொன்னாங்க, நீங்கதான் எழுதினீங்கன்னு."

"ஆமாங்க. மன்னிச்சிருங்க."

அவள் உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்தாள். "அவங்க ஏர்போர்ட்ல எறங்கினதும் நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சேன்னு சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க."

"எல்லார்கிட்டயும் அப்பிடித்தான் சொல்லியிருக்காங்க. கட்டிப்பிடிக்கல. ஓடினேன், கிட்ட போனதும் அந்த நாத்தம் அடிச்சுச்சு. ரெண்டு அடி பின்னால போய் மூக்கப் பொத்திக்கிட்டேன். என்னம்மா இது, ச்சீன்னு சொன்னேன். இங்கிலீஷ்ல இல்ல, தமிழ்ல. அவங்களுக்கு நல்லாப் புரியற மாதிரி." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "முப்பத்தொன்பது மணி நேரம் ஒக்காந்து வந்தவங்க. வீட்டுக்குப் போற வரைக்கும் கார் கண்ணாடியத் தொறந்தே வெச்சிருந்தேன். வெளிய மைனஸ் பத்து."

சமாதானம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பது அவளுக்கும் தெரியும். ஒருவேளை அதனால்தான் என்னிடம் வந்து சொன்னாளோ என்னவோ. நானும் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். அவள் நகரவில்லை.

கீழே குழந்தைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் ஆன்ட்டியின் குரல் கேட்டது. "ரெண்டு பேரும் மேல என்ன பண்றீங்க? சாப்பாடு ஆறிப்போவுது, எறங்கி வாங்க."

ரெண்டு பேரும் என்றுதான் சொன்னார். மகள் என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அவளுக்குப் பின்னால் இறங்கினேன்.